கொட்டகை போட்ட வருடம்

அந்தக் கேள்வியை 2016இல் எழுதினேன். எழுதச் சொன்னவர் காந்திமதிநாதன் அண்ணாச்சி. தட்டச்சு செய்தவள் சத்யபிரியா. இந்த மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி தென்காசியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். நான் அங்கே பொது அறிவு எடுக்கிறேன். ஏழு முறை தேர்வு எழுதினேன். வயது வரம்பு தாண்டியதும் மேசையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் கதை.

அந்த வருடம் கடையத்தில் ஒரு மையம் எங்கள் கைடை அப்படியே அச்சடித்து விற்றது. அச்சுப் பிழைகள்கூட எங்களுடையவை. அண்ணாச்சி போய்க் கேட்டார். "பொது அறிவு பொதுவானதுதான அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உண்மையா இருந்தா யாரு வேணா எழுதலாம் குமரா. பொய்யா இருந்தாத்தான் அது நம்மளுது. ஒரு பொய்யை உள்ள வையி."

வாசலில் கால் துடைக்க ஒரு அரிசிச் சாக்கு போட்டிருந்தது. ஆவுடைநாயகம் மாடர்ன் ரைஸ் மில் என்று பச்சை எழுத்தில் இருந்தது. பெயரை அதிலிருந்து எடுத்தேன்.

212. தென்காசிக்கு முதன்முதலில் டூரிங் டாக்கீஸ் கொண்டுவந்தவர் யார்? விடை: ஆவுடைநாயகம் (1936).

உண்மையில் கொண்டுவந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தேடியும் பார்க்கவில்லை.

சத்யா தட்டச்சு செய்யும்போது கேட்டாள்.

"முப்பத்தாறு எதுக்கு சார்?"

"சும்மாதான்."

"முப்பத்தஞ்சுன்னா போட்டது மாதிரி இருக்கும். முப்பத்தாறுன்னா நடந்தது மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த வருடம் கடையம் கைடு வந்தது. அதில் எங்கள் 212 இருந்தது. அண்ணாச்சி இரண்டு புத்தகங்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பினார்.

"ஊருக்கே தெரிஞ்ச விசயம்லாங்கான். தரை டிக்கெட்டு, பெஞ்சு டிக்கெட்டுன்னு கூட ரெண்டு வரி சேத்துருக்கான். எங்க சித்தப்பாவே போய்ப் பாத்திருக்காருன்னு எங்கிட்டயே சொல்லுதான்."

இரண்டு வருடம் கழித்து சிவகிரியிலிருந்து இன்னொரு கைடு. கடையத்தைப் பார்த்து எழுதியது. அதில் ஆண்டு 1938 என்று இருந்தது. கை தவறியதா, வேண்டுமென்றே மாற்றினார்களா, தெரியவில்லை.

எடுத்துவிடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"எடுத்தா நாம தப்பாப் போட்டிருந்தோம்னு ஆயிரும். கிடந்துட்டுப் போகட்டும்."

கிடந்தது.

அந்த ரைஸ் மில்லின் முதலாளி பரமேஸ்வரன் எங்கள் மையத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. எங்கள் மையம் இருக்கிற கட்டடம் அவருடையது. ஆனாலும் அதுவரை மாடியேறி வந்ததில்லை. கையில் எங்கள் கைடு இருந்தது. அவருடைய டிரைவரின் மகள் அதைப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

"ஆவுடைநாயகம் எங்க தாத்தா" என்றார். "இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். பெருமை பேசாத மனுசன். நான் சின்னப் பையன், எனக்கு என்ன தெரியும். நீங்கதான் கண்டுபிடிச்சு எழுதினதாம்லா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பரமேஸ்வரனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண் கலங்கியிருந்தது.

"ஆமா" என்றேன்.

எழுதியபோது பொய் என்று தோன்றவில்லை. அன்றுதான் தோன்றியது.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. டூரிங் டாக்கீஸ் ஆவுடைநாயகம் நினைவு அறக்கட்டளை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு நூலகம். நூலகத் திறப்பையொட்டி, சீசன் நேரத்தில், குற்றாலத்தில் ஒரு வினாடி வினா. முதல் பரிசு அந்த நூலகத்தின் நூலகர் வேலை. நூலக அறிவியல் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை.

வயது வரம்பு இல்லை என்ற வரியைச் சத்யா என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது. நூலகப் படிப்பு முடித்துப் பதினைந்து வருடம். பன்னிரண்டு வருடமாக எங்களுக்குத் தட்டச்சு செய்கிறாள். நாங்கள் நடத்திய அத்தனை தேர்வுகளின் கேள்விகளும் அவள் விரல் வழியாகப் போனவை. பையன்கள் அவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். குத்துக்கல்வலசையில் அவளும் அவள் அம்மா முருகம்மாளும் மட்டும். படித்த படிப்புக்கான வேலைக்கு அவள் மனுப் போடக்கூடிய இடம் இனி இது ஒன்றுதான்.

"அந்த ஆளே பொய் சத்யா."

"ஆளு பொய்யா இருந்துட்டுப் போகட்டும். நூலகம் கட்டியாச்சு. நான் போய்ப் பாத்தேன். அலமாரி எல்லாம் வந்துட்டு."

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மையத்தில் வேலை பார்க்கிறவர்கள் கலந்துகொண்டால் ஊர் பேசும், விலகிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவள் அன்றே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

"ஜெயிக்கலேன்னா திரும்பி வந்துருவேன் அண்ணாச்சி."

"அதுக்குள்ள வேற பிள்ளையப் போட்டாகணுமேம்மா. தாள் அடிக்காம எப்பிடி நடத்த?"

அவள் தலையாட்டினாள்.

என்னை நடுவராகப் போட்டார்கள். மாட்டேன் என்றேன். "கண்டுபிடிச்சவரு இல்லாம எப்பிடி சார்" என்றார் பரமேஸ்வரன். அண்ணாச்சி தனியாகச் சொன்னார்: "மேல் மாடியும் நமக்கே தாரேன்னு சொல்லியிருக்காரு. போய் சும்மா உக்காந்துட்டு வா. கேள்வி எல்லாம் நூர்நிஷா டீச்சர் எடுக்காங்க. ஒனக்கு ஒரு சோலியும் இல்ல."

*

ஜூலை இரண்டாவது ஞாயிறு. முந்தின நாள் மலையில் நல்ல மழை. பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை.

குளிக்க வந்தவர்களுக்குப் போக இடமில்லை. சாரல் விடவில்லை. அருவிக்கரையில் இருந்த கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள். தலையில் எண்ணெய், தோளில் துண்டு, கையில் நேந்திரங்காய் சிப்ஸ். நானூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் நின்றார்கள். மண்டபம் முழுக்க எண்ணெய் வாசனை.

மேடையில் இடது பக்கம் எனக்கு ஒரு மேசை. நடுவர் என்று அட்டை. எனக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. வலது பக்கம் பரமேஸ்வரனும் அவருடைய அத்தை பிச்சம்மாளும். ஆவுடைநாயகத்தின் பிள்ளைகளில் அவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். கடையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்; அன்று காரில் அழைத்து வந்திருந்தார்கள். எண்பத்தாறு வயது. வெள்ளைச் சேலை. காது நன்றாகக் கேட்டது.

நூர்நிஷா டீச்சர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விதிகளை வாசித்தார். கேள்விக்குப் பத்து மதிப்பெண். விட்ட கேள்வியை அடுத்தவர் சொன்னால் ஐந்து. ஒரு கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கிடையாது. விடையில் தகராறு வந்தால் நடுவர் ஆதாரத்தோடு தீர்ப்புச் சொல்வார். அதுவே இறுதி.

"பார்வையாளர்கள் யாரும் பதில் சொல்லக்கூடாது" என்றார்.

சுவரோரத்தில் துண்டோடு நின்ற ஒருவர் சொன்னார்: "குளிக்கத்தான் விடல, பதிலாச்சும் சொல்ல விடுங்கம்மா."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமானது.

முப்பது பேரில் தொடங்கி, பதினோரு மணிக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். சத்யா. சிவகிரியிலிருந்து வந்த பேச்சிராஜ். அவனுக்கு இருபத்துமூன்று வயது. நூலகப் படிப்பு அந்த வருடம்தான் முடித்திருந்தான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன்.

"ஆஷ் துரை மணியாச்சியில..."

"1911."

"அவரைச் சுட்டவர் எந்த ஊர்னு கேக்க வந்தேன் தம்பி."

"செங்கோட்டை."

"அதையும் கேக்கல. இருந்தாலும் சரி" என்றார் டீச்சர்.

சத்யா கேள்வி முடியும்வரை காத்திருந்தாள். முடிந்த பிறகு ஒரு மூச்சு விட்டாள். பிறகு சொன்னாள். தமிழில் முதல் பேசும் படம் வந்த ஆண்டு: 1931. குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சபை: சித்திர சபை. ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவே ரயில் போகும் பழைய பாலத்துக்கு எத்தனை கண்: பதிமூன்று.

"நான் பன்னெண்டுன்னு நெனச்சேன்" என்றார் துண்டுக்காரர்.

"அடுத்த தடவை எண்ணிட்டு வாங்க" என்றாள் சத்யா, அவர் பக்கம் திரும்பாமல். மண்டபம் அவளுக்குக் கை தட்டியது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

கடைசிச் சுற்று. சத்யா 85. பேச்சிராஜ் 80. ஆளுக்கு ஒரு கேள்வி.

பேச்சிராஜுக்கு: தென்காசி கோயில் ராஜகோபுரம் எத்தனை நிலை?

"ஒன்பது."

90.

சத்யா பதில் சொன்னால் 95. சொல்லாவிட்டால் அவன்.

டீச்சர் கடைசி அட்டையை எடுத்தார். மேலே தொங்கிய பேனரைக் காட்டினார். "இந்தக் கேள்வி இந்தப் போட்டிக்குப் பேர் குடுத்தவரைப் பத்தி. டூரிங் டாக்கீஸ் ஆவுடைநாயகம் அவர்கள் தென்காசியில் முதல் கொட்டகை போட்டது எந்த ஆண்டு?"

அண்ணாச்சி என் தொடையில் தட்டினார். "நம்ம பிள்ளை ஜெயிச்சுட்டா."

சத்யா ஒரு மூச்சு விட்டாள்.

"1936."

டீச்சர் அட்டையைப் பார்த்தார். சத்யாவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"தவறு. 1938."

அட்டைகளை அவர் மூன்று கைடுகளையும் வைத்துக்கொண்டு தயாரித்திருக்கிறார். கடைசியாக வந்தது திருத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கடைசியாக வந்தது சிவகிரி கைடு.

"இல்ல டீச்சர். முப்பத்தாறு" என்றாள் சத்யா. குரல் மாறியிருந்தது.

"முப்பத்தெட்டுதான் டீச்சர்" என்றான் பேச்சிராஜ். "நான் படிச்ச புக்குல அப்பிடித்தான் இருக்கு. பக்கம் எம்பத்தி நாலு."

"ரெண்டு புக்குல முப்பத்தாறு. எண்ணிக்கோங்க."

"எண்ணிக்கை வச்சா வரலாறு எழுதுவாக?" என்றான் அவன். கூட்டத்தில் பாதிப் பேர் அவனுக்குக் கை தட்டினார்கள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நானூறு பேரும் திரும்பினார்கள்.

அப்போது பிச்சம்மாள் ஆச்சி கையை நீட்டினார். பரமேஸ்வரன் மைக்கைக் கொடுத்தார்.

"முப்பத்தெட்டுதான்" என்றார். "நான் பொறந்த வருசம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ராவும் பகலும் அழுவேனாம். நீ அழுத அழுகை பொறுக்காமத்தான் கொட்டகை போட்டேன், படச் சத்தத்துல ஒன் சத்தம் கேக்காதுல்லாம்பாரு. சித்தாத்துலேருந்து எட்டு வண்டி மணல் அடிச்சாங்களாம். அம்மை என்னைய மடியில போட்டு மணல்லயே உக்காந்திருப்பாளாம்."

பரமேஸ்வரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, இதையெல்லாம் நீங்க எங்கிட்ட சொன்னதேயில்லயே."

"நீ கேட்டியாலே?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

எங்கள் கைடில் மணல் இல்லை. கடையம் கைடில் இல்லை. சிவகிரியில் இல்லை. எட்டு வண்டி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த மனிதர் பிள்ளைக்கு விளையாட்டாக ஒரு கதை சொல்லியிருக்கலாம். அல்லது கொட்டகை உண்மையாகவே இருந்திருக்கலாம். கால்துடைக்கும் சாக்கிலிருந்து நான் எடுத்த பெயர், தற்செயலாகச் சரியான பெயராக இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று அன்று தெரியவில்லை. இன்றும் தெரியாது. கொட்டகை இருந்திருந்தால் ஆண்டு 1938. பெற்ற மகள் சொல்கிறாள். 1936 என்பதற்கு என்னைத் தவிர இந்த உலகத்தில் ஆதாரம் இல்லை.

"நடுவர் சொல்லணும்" என்றார் டீச்சர்.

1938 என்றால் சத்யா தோற்றாள். கேள்வியே தவறு என்றால் 85க்கு 90, அப்போதும் தோற்றாள். நடந்ததைச் சொன்னால் பேனர் இறங்கும், நூலகம் பூட்டப்படும், வேலையே இருக்காது. அவள் ஜெயிக்க ஒரே ஒரு வழி இருந்தது.

எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றவர்களுக்கு அப்பால் மழை. வெளியே போலீஸ் விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சத்யா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கைகளை விரித்து வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தாறு" என்றேன்.

"ஆதாரம் சார்?"

"நான் எழுதின..."

"புக்கு ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்குன்னுதான கேக்கோம். புக்குக்கு ஆதாரம் என்ன?"

நல்ல ஆசிரியை. நானும் வகுப்பில் அதைத்தான் சொல்வேன்.

"நோட்டீஸ் பாத்திருக்கேன்" என்றேன்.

"என்ன நோட்டீஸ்?"

"கொட்டகை திறப்பு நோட்டீஸ். அச்சடிச்சது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறுன்னு போட்டிருக்கு."

"எங்கன பாத்தீங்க?"

"பழைய பேப்பர் கடையில. எடுத்து வச்சிருக்கேன்."

கடைசி வரி தேவையில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

 மண்டபம் கை தட்டியது. துண்டுக்காரர் விசிலடித்தார். பேச்சிராஜ் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் கரும்பலகையில் 85ஐ அழித்து 95 என்று எழுதினார்.

பிச்சம்மாள் ஆச்சியின் கையில் இன்னும் மைக் இருந்தது.

"நோட்டீஸ் இருக்கா?"

"இருக்கு ஆச்சி."

"அப்பம் நான் பொறக்கதுக்கு ரெண்டு வருசம் முந்தியா?"

"ஆமா ஆச்சி."

"எனக்காகப் போடலையா."

 அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற முகம்.

"அப்பா சும்மா சொல்லியிருப்பாரு" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். 

புகைப்படம் எடுத்தார்கள். பரமேஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நோட்டீஸ் நம்ம நூலகத்துல இருக்கணும் சார். தேக்குல கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லுதேன்."

வெளியே ஒரு வண்டியும் நகரவில்லை. சத்யாவும் நானும் பஸ் கிடைக்கும் இடம்வரை குடை பிடித்து நடந்தோம். அவள் கையில் பணி ஆணை இருந்தது. நனையாமல் இருக்க சிப்ஸ் கவருக்குள் போட்டு வைத்திருந்தாள். 

"பாத்தேன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லா சார்" என்றாள். "வச்சிருக்கேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வந்துட்டு."

"ம்."

கொஞ்ச தூரம் போனபின், "அந்த ஆச்சி" என்றாள்.

"தெரியும்."

"இல்ல, ஒண்ணும் சொல்லல."

*

ஆகஸ்ட் கடைசியில் சத்யா போன் செய்தாள். நூலகத்துக்கு வரச் சொன்னாள். மதியம் இரண்டு மணிக்குப் போனேன். அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை என்றாள்.

நல்ல கட்டடம். அலமாரிகளில் எண் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அவள் கையெழுத்து. மேசை மேல் புதுக் கணினி, பிரிண்டர். இது அவளுடைய இடம் என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. தேக்குச் சட்டம். உள்ளே சிவப்பு வெல்வெட். மேலே பித்தளைத் தகடு: அறிவிப்புத் தாள், 1936. உள்ளே ஒன்றும் இல்லை.

"முதலாளி தினம் சாயங்காலம் வாராரு" என்றாள். "வந்து இதுக்கு முன்னால நிக்காரு. சார்ட்டே கேட்டியாம்மாங்காரு. கேட்டேன், தேடிட்டு இருக்காங்கன்னு சொல்லுதேன். ஒரு மாசமா சொல்லுதேன்."

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம்."

"பேச்சிராஜ் மனு குடுத்திருக்கான்." மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அழகான கையெழுத்து. நடுவர் குறிப்பிட்ட ஆதாரத்தைப் பார்வைக்கு வைக்க வேண்டும். இல்லையென்றால் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்க வேண்டும். பத்து வரியில் ஒரு பிழை இல்லை. "நியாயமான மனுன்னு டீச்சரும் எழுதிட்டாங்க. வார திங்கக்கிழமை எல்லாரும் வாராங்க. பெட்டியைத் திறந்து வைக்கப் போறது அந்த ஆச்சிதான்."

"உனக்கு ஆர்டர் குடுத்தாச்சே."

"ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம். அதுல போட்டிருக்கு. நீங்க படிக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்காரவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய அட்லஸை எடுத்தாள். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. அட்டை உதிர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பெரிய தாள், பழுப்பு நிறம், ஓரம் அரித்தது. இரண்டு பக்கமும் வெற்று.

"முன்பக்கத் தாள்" என்றாள். "நேத்து கிழிச்சேன்."

நான் தாளைத் தொடவில்லை.

"நூலகப் படிப்புல மொத நாள் மொத வகுப்புல சொன்னது, புத்தகத்துலேருந்து ஒரு தாளைக் கிழிக்கக்கூடாதுன்னுதான்." சிரிக்க முயன்றாள். "பாத்துட்டுதான் கூப்பிட்டேன் சார். பிரிண்டர்ல இந்தத் தாள் போகுது. கண்ணாடிக்குள்ள இருந்தா யாரு தொட்டுப் பாக்கப் போறா."

"சத்யா, இது வேற."

"என்ன வேற?"

 எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு வரி. பிறகு ஆமா என்று ஒரு வார்த்தை. பிறகு முப்பத்தாறு என்று ஒரு எண். பிறகு நோட்டீஸ். ஒவ்வொரு தடவையும் இது வேற என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

"நான் உண்மையைச் சொல்லிருதேன்" என்றேன். "திங்கக்கிழமை. எல்லார் முன்னாலயும்."

"சொல்லுங்க." அவள் குரலில் சவால் இல்லை. "யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னா முதலாளி நம்புவாரா? மூணு புக்குல இருக்கு. ஒரு நூலகம் இருக்கு. சாருக்கு உடம்பு சரியில்ல போலன்னுவாரு. அண்ணாச்சி தண்ணி குடுப்பாரு. நோட்டீஸ் மட்டும் இருக்காது. நான் மட்டும் போயிருவேன்."

வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பியது. யாரும் இறங்கவில்லை.

அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள். புதுப் பக்கம் திறந்தாள். பன்னிரண்டு வருடம் நான் சொல்லச் சொல்ல அவள் அடித்திருக்கிறாள். நாற்காலியைத் திருப்பாமல், திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

நான் சொல்லத் தொடங்கினேன்.

"தென்காசி மகாஜனங்களுக்கு ஓர் நற்செய்தி."

அடித்தாள்.

"ஓர் தான? ஒரு இல்ல?"

"அந்தக் காலத்துல ஓர்தான்."

"பெறவு?"

"இவ்வூரில் இதுகாறும் காணாத பேசும் படக் காட்சி. தரைக்கும் பெஞ்சுக்கும் தனித்தனி இடவசதி. ஸ்திரீகளுக்குத் தனிப் பகுதி உண்டு. இப்படிக்கு, ஆவுடைநாயகம்."

"பிள்ளைன்னு போடணுமா?"

"அந்தக் காலத்துல போட்டிருப்பாங்க."

"போட்டா இவரு சந்தோசப்படுவாரு. ஆனா புக்குல இல்ல."

"அப்பம் வேண்டாம். புக்குல இருக்க மாதிரியே இருக்கட்டும்."

எழுத்துருவை இரண்டு முறை மாற்றினாள். பழைய ணை, பழைய லை வரும் எழுத்துரு ஒன்றைத் தேடி வைத்திருந்தாள். திரையில் அது வந்தது. எங்கேயோ பார்த்த நோட்டீஸ் போல இருந்தது.

"தேதி?"

"எதையாவது போடு."

அவள் கையை எடுத்தாள். "எதையாவது போட்டுத்தான் இங்கன வந்து நிக்கோம். யோசிச்சுச் சொல்லுங்க. பேச்சிராஜ் நாளு கிழமை பாப்பான்."

பார்ப்பான்தான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் பார்ப்பேன்.

போனை எடுத்தேன். 1936ஆம் ஆண்டின் நாட்காட்டியைத் தேடினேன். பொங்கலை ஒட்டி இருந்தால் கூட்டம் வரும். ஒருவன் கொட்டகை போடுவதானால் அப்படித்தான் போடுவான். ஜனவரி 18. சனிக்கிழமை. தமிழ் வருடம் யுவ. மாதம் தை. இன்னொரு நாட்காட்டியிலும் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

"பதினெட்டு ஒண்ணு முப்பத்தாறு. சனிக்கிழமை. யுவ வருஷம், தை மாதம்."

"சரி பாத்துட்டீங்களா?"

"ரெண்டு இடத்துல பாத்தேன்" என்றேன். "போடு."